சும்மாவுக்குப் போட்ட பூட்டு

லிப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வருகிற ஒவ்வொருவரும் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி அதைச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கும் அவளும் இன்றுதான் முதல்முறை கேட்பது போலச் சிரித்து வைப்பாள்.

ஆபீஸில் அவளுக்குப் பெயர் சல்லடை. வைத்தவர் ஸ்பேனர் என்கிற மெக்கானிக். கம்பெனிக்கு வருகிற மெயில் அத்தனையும் அவள் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போகும். கம்பெனி பார்த்துக்கொள்ளும் லிப்ட்களில் எல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் புகார் சொல்ல ஒரு போன் நம்பரும் ஒரு மெயில் முகவரியும். அந்த முகவரி யார் யார் கையில் கிடைத்ததோ, புகார் ஒன்று வந்தால் கூடவே குப்பை ஒரு கூடை வரும். பரிசு விழுந்திருக்கிறது, வழுக்கையில் முடி முளைக்கும், யாரோ ஒரு கோடீஸ்வரர் சாகும்போது உங்கள் பெயரைச் சொன்னார்!

"சாகறப்ப என் பேரச் சொன்னானாம். பாவம், பொண்டாட்டி பேரு மறந்து போச்சு போல" என்று சொல்லிக்கொண்டே தட்டிவிடுவாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திட்டித்தான் அழிப்பாள். ஸ்பேனர் டீயை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ரசிப்பார்.

சொந்த போனிலும் இதே தொல்லைதான். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, மனை வேண்டுமா. ஒருநாள் பொறுக்க முடியாமல் நம்பரையே மாற்றிவிட்டாள். வேண்டியவர்களுக்கெல்லாம் புது நம்பரைக் கொடுத்தாள், ஒரே ஒருவனைத் தவிர.

அவன் அவளுடைய தம்பி. லாரி ஓட்டுகிறவன். தூரத்து ஊரில் குடும்பம். வண்டியை எங்கே ஓரம் கட்டினாலும் உடனே அக்காவுக்குப் போன் போட்டுவிடுவான்.

"என்னடா?"

"சும்மாதான்க்கா."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன விஷயம்?"

"விஷயமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா உன் குரல் கேக்கலாம்னு."

எத்தனை வருஷமாக இதே பேச்சு! ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆபீஸ் போன் அலறுகிறது. முதலாளி கத்துகிறார். அந்த நேரம் பார்த்துத் தம்பி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டான். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"சும்மா சும்மா போன் பண்ணி உயிர எடுக்காதடா! எனக்கென்ன வேலவெட்டி இல்லையா? விஷயம் இருந்தா பண்ணு, இல்லாட்டி பண்ணாத!"

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். அப்புறம் அவன் கூப்பிடவே இல்லை. அந்த வாரம்தான் அவள் நம்பரை மாற்றியது. அவனுக்குச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இவளுக்கும் வீம்பு. ஐயா ரொம்பத்தான் முறுக்கிக்கொள்கிறார், கூப்பிட்டுப் பார்க்கட்டும், கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் தேடட்டும். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவனைத் தேடவிட்டு, அவன் உதடு பிதுங்குகிற நேரத்தில் வெளியே குதிப்பாளே, அந்த மாதிரி நினைத்துக்கொண்டாள். தேடட்டும்.

இதற்கு நடுவில் குப்பை மெயில்களுக்குப் புதுப் புத்தி வந்தது. எல்லாம் தமிழில் வர ஆரம்பித்தன. குப்பையைப் பிடிக்க அவள் வைத்திருந்த பழைய பொறி எதிலும் சிக்கவில்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை தலை காட்டியது. 'வாட்ச் சும்மா தருகிறோம்.' 'வீட்டில் சும்மா உட்கார்ந்தே சம்பாதிக்கலாம்.' 'சும்மா ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.'

"பிடிச்சுட்டேன்!" என்று கை தட்டினாள். "சார், வேலையா மெயில் போடறவன் எவனாவது சும்மான்னு எழுதுவானா?"

"எழுத மாட்டான்" என்றார் முதலாளி.

சும்மா என்று எங்கே இருந்தாலும் அந்த மெயில் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டாள். அங்கே ஒரு மாசம் கிடக்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். மறுநாள் காலையில் இன்பாக்ஸ் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதலாளி எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

"சல்லடையோட ஓட்டையெல்லாம் அடச்சாச்சு" என்றார் ஸ்பேனர். "இனிமே எதுவுமே விழாது."

சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் ஒரு குடியிருப்பின் செயலாளர் முதலாளிக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். அவர் புகார் அனுப்பி ஒரு வாரம் ஆகிறதாம், ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லையாம்.

"எங்கம்மா அந்த மெயிலு?" என்று முதலாளி அவள் தலைமேல் வந்து நின்றார்.

"அப்படி ஒண்ணு வரவே இல்ல சார்."

"தலைப்புகூடச் சொல்றாரே! 'லிப்ட் சும்மா சும்மா நின்றுவிடுகிறது'ன்னு போட்டிருந்தாராம்."

சொல்லி முடித்ததும் முதலாளியே வாயை மூடிக்கொண்டார். ஸ்பேனர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். "வேலையா எழுதறவனும் சும்மா சும்மான்னு எழுதறான் பாத்தியா!" அவளுக்கும் சிரிப்பு பொங்கியது. சிரித்தபடியே குப்பையைத் திறந்தாள். சும்மா வாட்ச், சும்மா சம்பாத்தியம், சும்மா மனை. விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

நடுவில் தம்பியின் பெயர் இருந்தது. தலைப்பு: சும்மா.

கொஞ்சம் கீழே இன்னொன்று. சும்மாதான்க்கா.

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கீழே இருந்ததை முதலில் திறந்தாள்.

'அக்கா, போன மெயில்ல சொன்னேனே, அந்த டாக்டர் இன்னிக்கு முடிவா சொல்லிட்டாரு. பழைய மெயில் எதுக்கும் நீ பதில் போடல. வேலை ஜாஸ்தின்னு தெரியும். உன் போன் உபயோகத்துல இல்லன்னு வருது. ஆஸ்பத்திரி லிப்ட்ல உங்க கம்பெனி ஸ்டிக்கர் இருக்கறதால தப்பிச்சேன். தினம் மேலயும் கீழயும் போறப்ப அத ஒரு தரம் தொட்டுக்கறேன். வேற ஒண்ணுமில்ல. சும்மாதான்.'

போன மெயில். பழைய மெயில். அவள் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அதற்குமேல் எதுவும் இல்லை. மாசம் தாண்டியதெல்லாம் அழிந்திருந்தது. எந்த டாக்டர், என்ன முடிவு, எத்தனை முறை எழுதினான்? தெரிந்துகொள்ள வழியில்லை.

அடுத்ததைத் திறந்தாள். அதுதான் கடைசி.

'விஷயம் இருந்தா மட்டும் பண்ணச் சொன்னல்ல, இப்ப விஷயம் இருக்குக்கா. வியாழக்கிழமை ஆபரேஷன். குரல்வளைய எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு வராது. இப்பவே குரல் தேஞ்சு போச்சு, ஆனா போனக் காதோட ஒட்டி வெச்சா உனக்குப் புரியும். அதுக்குள்ள ஒரு தரம் கூப்பிடு. என் நம்பர் அதேதான். நீ பதறிடப் போறேன்னுதான் தலைப்புல சும்மான்னு போட்டிருக்கேன்.'

அந்த வியாழக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"கெடச்சுதா?" என்றார் முதலாளி.

"கெடச்சுது சார்" என்றாள். செயலாளரின் புகாரை எடுத்து ஸ்பேனருக்கு அனுப்பினாள். கை தானாகச் செய்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

தம்பியின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தது தம்பியின் மனைவி.

"யாரு?"

"வந்து... நான் பேசறது..." என்று இழுத்தாள்.

"லோனும் வேணாம் ஒண்ணும் வேணாம். மனுஷனுக்கு நேரங்காலம் தெரியாது?" பட்டென்று வைத்துவிட்டாள். புது நம்பர் அல்லவா, அங்கே யாருக்குத் தெரியும்?

மறுபடி அடித்தாள்.

"வெச்சுடாதம்மா. நான்தான். அக்கா."

தம்பி மனைவியின் குரல் மெதுவாக வந்தது. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"மெயில இன்னிக்குத்தான் பாத்தேன். சத்தியமா இன்னிக்குத்தான்."

"மெயில விடுங்க. அதுக்கு முன்னாடி உங்க ஆபீசுக்கே போன் பண்ணாரே. நீங்கதான் எடுத்தீங்களாம். இவரு அக்கா அக்கான்னு கத்தறாரு, காத்துதான் வருது. 'கரகரன்னு யாருடா அது, வெக்கமா இல்ல, வேற வேலையில்ல?'ன்னு திட்டி வெச்சுட்டீங்க."

அவளுக்கு அந்தப் போன் ஞாபகம் இருந்தது. ஐயோ, நன்றாகவே ஞாபகம் இருந்தது. வைத்துவிட்டு ஸ்பேனரிடம் சொல்லிச் சிரித்தாளே!

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவாரு. குரலக் கேட்டுட்டேன், திட்டற திட்டப் பாத்தா அக்கா நல்லாத்தான் இருக்கான்னு சிரிச்சாரு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது." அவள் குரல் தணிந்தது. "பக்கத்துலதான் இருக்காரு. காதுல வெக்கறேன். அவரால பேச முடியாது. நீங்க பேசுங்க."

போன் கை மாறுகிற உரசல் கேட்டது. பிறகு மூச்சு. இவ்வளவு வருஷமாக மறுமுனையில் கேட்ட மூச்சு மாதிரி இல்லை அது. வேறு எங்கிருந்தோ, கழுத்துக்குள்ளிருந்து, சளசளவென்று வந்தது.

"என்னடா?" என்றாள். பழக்கம். கேட்ட பிறகுதான் உறைத்தது.

பதில் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த ஒரே வார்த்தைக்கான இடம். அவள் காத்திருந்தாள், வந்துவிடும் என்பது போல.

நகத்தால் போனில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக். டொக்.

"சாப்ட்டியா?"

டொக்.

"விஷயமெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றாள். குரல் உடைந்து போனது. "சும்மாதான் பண்ணேன். சும்மா உன்..."

குரல் என்று சொல்ல வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மூச்சு வேகமாகி, தடுக்கித் தடுக்கி வந்தது.

கருவிப் பையோடு வெளியே வந்த ஸ்பேனர் அவளைப் பார்த்தார். சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போனார்.

"அழறாருக்கா" என்று தம்பி மனைவியின் குரல் வந்தது. "அழுதா தையல் இழுக்கும்னு சொல்லியிருக்காங்க. அவரும் பேச மாட்டாரு, நீங்களும் பேச மாட்டேங்கறீங்க. வெச்சுடட்டுமா?"

"வெக்காதம்மா" என்றாள் அவள், போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு. "பேச வேணாம். சும்மா அப்படியே இருக்கட்டும்."