அரை டம்ளர் தண்ணீர்

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. எண்பதுகளின் நடுவில் அது. மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அருவிக்கரையில் பழக்கடை போட்டிருந்த என் வீட்டுக்காரர் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுநாளே திரும்பிவிட்டார். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். யாரிடமும் நானாகப் போய்ப் பேச வராது.

ஊசிகள் போட்டார்கள், ரத்தம் தேறிவருகிறது என்றார்கள். மூன்றாவது வாரம் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தது. முதுகுவரை பாய்கிற வலி. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். டாக்டர் பார்த்து, ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிப் போனார். நர்ஸ் என் பக்கம் திரும்பி மலையாளத்தில், "வெள்ளம் கொடுக்கண்டா, கேட்டோ" என்றாள்.

எனக்கு அது வெல்லம் என்றே காதில் விழுந்தது. இந்த ஊரில் வெல்லத்துக்கு நான் எங்கே போக என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

சாயங்காலம், "எம்மா, தண்ணி தாம்மா" என்றாள். அரை டம்ளர் கொடுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம்."

"பொறுத்துக் குடிக்கலாம்ட்டி."

"நீ சரியான கஞ்சம்."

சிரித்துக்கொண்டே இன்னும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வலி கூடிவிட்டது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த செங்கோட்டை அக்கா ஓடிவந்தாள்.

"ஏட்டி, தண்ணி குடுக்காதன்னுல்லா நர்சு சொன்னா. வெள்ளம்னா அவங்களுக்குத் தண்ணி."

டாக்டர் திரும்ப வந்து தமிழிலேயே கேட்டார், "தண்ணி யார் கொடுத்தது?"

"நானே மோந்து குடிச்சேன்" என்றாள் பிள்ளை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தத்துக்குப் போட்ட ஒரு ஊசியால் கணையம் வீங்கிவிட்டது, சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், அதற்கு ஓய்வு வேண்டும், வாய்வழி ஒன்றும் போகக்கூடாது என்று விளக்கினார். அதன்பிறகு சர்க்கரை ஏறியது. வயிற்றில் நீர் கோத்தது. மூச்சு வாங்கியது. அவள் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால்கூட வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீரால்தானா என்று கேட்க டாக்டர் அறை வாசலில் இரண்டு தடவை போய் நின்றேன். உள்ளே ஆள் இருந்தது. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் என் வீட்டுக்காரர், "ஊசியாலதான்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா, நீ ஏன் இப்படிப் பேசாம இருக்க?" என்று கேட்டார்.

"ஆமா, ஊசியாலதான்" என்றேன். அதற்குமேல் அவரிடம் நான் ஒன்றும் சொன்னதில்லை.