கதவக்கா வீட்டுப் பூட்டு

எல்லாரும் அவளைக் கதவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பொதுக் கட்டடங்களில் அவசர வழிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் தீயணைப்புத் துறை அதிகாரி அவள். பள்ளிக்கூடமோ தியேட்டரோ, உள்ளே நுழைந்ததும் பின்கதவை இடுப்பால் ஓர் இடி இடிப்பாள். சாவி கேட்காமல், ஒரே தள்ளில் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு நல்ல டோஸ் விழும்.

அப்பேர்ப்பட்டவள் தினமும் காலையில் புருஷனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தாள். என்ன செய்வாள், பாவம்! பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்கு மறதி நோய். ஒருநாள் காணாமல் போனவரைத் தேடாத இடமில்லை. கடைசியில் அவளுடைய ஆபீஸ் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். பழைய வேலை நினைப்பில் வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டாள். அன்று பிடித்த பயம்தான் அந்தப் பூட்டு.

ஒரு தியேட்டரில் பின்கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"டிக்கெட் இல்லாம பூந்துடுறாங்க மேடம். சாவி என் பாக்கெட்லயேதான் இருக்கு," என்றார் மேனேஜர்.

"நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல தீப்பிடிச்சா? உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

கேட்டுவிட்டு, பேனா எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். வீட்டுச் சாவி தட்டுப்பட்டது. ஊருக்குத்தானா உபதேசம்? சங்கிலியைக் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றி எறிந்தாள். தள்ளினால் திறந்துகொண்டு மணியடிக்கும் கம்பியை வீட்டுக் கதவில் பொருத்தினாள். கீழ்வீட்டுத் தையல்காரியிடம் சொல்லிவைத்தாள்: "மணி கேட்டா ஓடி வந்துடும்மா. அவர இழுத்துப் பிடிக்காத. கூடவே நட, எனக்கு ஒரு போன் போடு."

அந்த வாரமே ஒரு மாலை ஆபீஸுக்குப் போன் வந்தது.

"அக்கா, மாமா கிளம்பிட்டாரு. நானும் கூடத்தான் நடக்கறேன்."

"எங்க போறாராம்? கேளு."

பதில் அவர் குரலிலேயே கேட்டது. "என் பொண்டாட்டிக்கு ஆபீஸ் விடுற நேரம்மா. இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டு வர வேணாமா? நானும் தினம் கிளம்பத்தான் பாக்கறேன், எவனோ ஒரு பாவி கதவப் பூட்டி வச்சுடறான்."

கதவக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மெதுவா கூட்டிட்டு வாம்மா," என்றாள். "நான் அந்த பஸ் ஸ்டாப்லயே நிக்கறேன்னு சொல்லு."