அத்தைக்கு வைத்த பரீட்சை

என் அத்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்தாள். அவளுக்கு மனசில் ஒரு நோய் இருந்தது. சில மாதம் தூக்கமே இல்லாமல் பேசிப் பேசித் தெருவையே விருந்துக்கு அழைப்பாள். சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். மாத்திரையில் இரண்டும் அடங்கி ஒரு வருஷம் ஆன சமயத்தில்தான் ஒரு பெட்டி முழுக்க இடது கால் ஷூவாகவே தைத்து வைத்தாள்.

டாக்டரிடம் காட்டாமல் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் சூப்பர்வைசர். அப்பாவுக்குக் கோபம். "நோவுதான் சரியாப்போச்சே, அப்புறம் இன்னா? எல்லாம் திமிரு" என்று பஸ்ஸில் வேலூர் வரைக்கும் தங்கையைத் திட்டிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் முதல் மாணவி. அந்தக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்தி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யானை, குடை, மல்லிகை என்று மூன்று வார்த்தை சொல்லி, "ஞாபகம் வெச்சிக்கோங்க, அப்புறம் கேப்பேன்" என்றார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அத்தை தொண்ணூற்று மூன்றிலேயே நின்று விரல்களைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எண்பத்தாறு, எழுபத்தொன்பது" என்று நானே இறங்கிவிட்டேன்.

"உன்னக் கேக்கல பாப்பா. வாய மூடிக்கோ."

வாயைத்தானே மூடச் சொன்னார்? மூன்று வார்த்தைகளையும் அவர் திருப்பிக் கேட்டபோது, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கைபோல ஆட்டினேன். அத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, சளி புடிச்சிக்கிச்சா?"

குடைக்காகத் தலைக்கு மேல் கைகளை விரித்தேன். அத்தை பதறிவிட்டாள். "தல நோவுதா? டாக்டரம்மா, மொதல்ல இதுக்கு மருந்து குடுங்க!"

டாக்டரம்மா சிரித்து முடித்து என்னை வெளியே அனுப்பினார். கடைசியில் மல்லிகை மட்டும்தான் அத்தைக்கு ஞாபகம் வந்ததாம். மனசு தெளிந்த பிறகும் இந்த நோயில் சிலருக்கு மறதியும் கவனக் குழப்பமும் இருக்கும், அது அவர்கள் குற்றமில்லை என்று அவர் அப்பாவிடம் சொன்னது கதவிடுக்கில் கேட்டது. ஒரு நாளைக்கு ஒரே காலுக்கான வேலையைக் கொடுக்கும்படி கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார். கம்பெனியும் அப்படியே செய்து அவளை வைத்துக்கொண்டது.

வெளியே வந்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "பாத்தியாண்ணா? நான் வேணும்னு பண்ணல."

அப்பா பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே வந்தார். நான்தான் ஆம்பூர் வரைக்கும் அழுதேன். மூன்றுக்கு ஒன்று வாங்கித் தோற்றவள் எதற்கு இத்தனை சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.