நடக்காத சப்பாத்து

எங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், ஒரு சோடிச் சப்பாத்து கிடக்கிறது. கறுப்பு நிறம், முனையில் இரும்பு வைத்தது, தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் போடுவது. குருணில் ராத்திரி போடும் பாசார் மாலாம் சந்தையில் பேரம் பேசி நான்தான் வாங்கினேன். மேலே பார்த்தால் பழசாகத் தெரியும். புரட்டிப் பார்த்தால் அடிப்பாகம் ஏறக்குறைய வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். எட்டு மாதம் அது தினமும் சமையலறையிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து சமையலறைக்கும் போய் வந்தது. என் கையில்தான் போய் வந்தது. என் மகனின் கால் அதற்குள் நுழைந்தது ஒரே ஒரு நாள்.

அவன் அலோர் ஸ்டாரில் இயந்திரப் பராமரிப்பு படித்தவன். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தான். ஆள் குறைப்பு என்று ஒரு நாள் கடிதம் கொடுத்துவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்து, ஒரு பையும் ஒரு சோற்றுப் பானையுமாக வீட்டுக்கு வந்து நின்றான். இருபத்தெட்டு வயது. அவன் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். "வந்துட்டியா, சரி, மொதல்ல பசியாறு" என்றேன். அன்றைக்கு நான் நல்ல தாயாகத்தான் இருந்தேன். அடுத்த வாரம்தான் என் வாய் எனக்கே எமனாக வந்தது.

அந்த வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மகனும் அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கோயில் அன்னதானத்தில் பத்துப் பெண்கள் நடுவில் நான் உரக்கச் சொன்னேன்: "ஆம்பளப் பிள்ளைய உக்கார வச்சு சோறு போட்டா, அவன் எப்படி லா எழுந்திரிப்பான்?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சாம்பார் வாளியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வாளியோடு அடுத்த பந்திக்கு நகர்ந்துவிட்டார். பிறகு அவர் மகனுக்கு யான் என்ற ஊரில் ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. என் மகன் வீடு திரும்பினான். மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல் விழும் என்று சும்மாவா சொன்னார்கள்?

துணி காயப்போடும்போது அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "தம்பி வந்துருக்கான் போல? லீவா?"

நான் யோசிக்கவே இல்லை. "லீவு இல்லக்கா. இங்கயே பெக்டரியில கிடைச்சிருச்சு. நைட் ஷிப்ட் லா. பின் சந்து வழியாப் போயி பெரிய ரோட்டுல பஸ் ஏறுவான். பகல் முழுக்கத் தூக்கம்தான்."

உள்ளே வந்ததும் மகன் கேட்டான். "ஏம்மா? வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நீ உள்ள படுத்திருப்ப. நாலு பேர் மூஞ்சில முழிக்கிறவ நான்தானே" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் சோற்றைச் சாப்பிடுகிறவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த வாரமே சப்பாத்தை வாங்கினேன். புதுசாகத் தெரியக்கூடாது என்று கால்வாய் ஓரத்து மண்ணை எடுத்து மேலே தேய்த்தேன். விடிந்ததும் வாசலில் வைப்பேன், அவன் வேலை முடிந்து வந்து தூங்குகிறான் என்று அர்த்தம். சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு உள்ளே எடுத்துவிடுவேன், வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான். அதனால் பகலில் தொலைக்காட்சி கூடாது, பாட்டு கூடாது. குழாயை நூல் மாதிரி திறந்து முகம் கழுவுவான். வேலைக்குப் போனதாகச் சொன்ன ராத்திரியில் இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவான். கைபேசியிலேயே வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருப்பான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சொன்ன பிறகு பின் கதவு வழியாகப் போவான். கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு அப்போது உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

வீட்டில் கஷ்டம்தான், மறுக்கவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது. மற்ற நாளில் மிஞ்சிய மீகூன் சேமியாவும் மிளகாய்ச் சம்பாலும் வீட்டுக்கு வரும். விடுமுறையில் கோழிக்கழுத்தும் காங்கோங் கீரையும்தான். ஒரு விடுமுறையில் மைலோ டின்னை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காலையில் எனக்கு ஒரு கோப்பை வேண்டும் என்றுதான் செய்தேன். பெற்ற பிள்ளையிடம் ஒளித்தேன். அரிசி எடுக்கும்போது அவன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் தேத்தண்ணியில் பால்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. நான் கேட்டபோது, "பால் ஒத்துக்கலம்மா" என்றான். நானும் நம்பிய மாதிரி இருந்துவிட்டேன்.

எட்டாவது மாதம் ஒரு மத்தியானம் அக்கா வேலியருகே வந்து கூப்பிட்டார். "தங்கச்சி, என் மவன் இருக்கானே அந்த அரிசி மில்லு, அங்க மெஷின் பாக்க ஆள் தேடுறாங்களாம். அவசரமா வேணுமாம். படிச்ச பையனா இருந்தா நல்லதாம். உனக்குத் தெரிஞ்ச பிள்ள யாராச்சும் இருந்தா சொல்லேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டை சன்னல். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்தது. என் மகன் இருக்கிறான் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அதே நேரம் அந்தச் சாம்பார் வாளி கண்முன் வந்து நின்றது. இவரிடமா நான் தலைகுனிவது?

"எனக்கு யாரைத் தெரியும் லா? நம்ம பையனுக்கு நல்ல சம்பளம், நைட் அலவன்ஸ் வேற குடுக்கிறாங்க. அதை விட்டுட்டு வரமாட்டான்" என்றேன்.

"சரி லா" என்று அக்கா திரும்பிப் போனார்.

உள்ளே போனேன். கத்துவான், தட்டை எறிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டான். "எனக்கு எவ்வளவும்மா சம்பளம்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே.

மறுநாள் காலை நான் சப்பாத்தை எடுக்கப் போனபோது அது அவன் காலில் இருந்தது. முன்கதவை அகலத் திறந்து வெளியே போனான். அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, எனக்கு வேலை இல்ல. எட்டு மாசமா வீட்டுலதான் இருக்கேன். அந்த மில்லு வேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டான். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உடனே மகனுக்குப் போன் அடித்தார். முதல் நாள் சாயங்காலமே பீடோங் ஊர்ப் பையன் ஒருவனுக்கு உறுதியாகிவிட்டது. "நேத்து மத்தியானம் சொல்லியிருந்தாகூட..." என்று தொடங்கிய அக்கா, கதவுப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேரில் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் யானுக்குப் போனான். ஆலையில் முடியாது என்றதும் குருண் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். வெயில் சாய்ந்த நேரம் திரும்பி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். இரண்டு குதிகாலும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. "என்னப்பா இது!" என்று பதறினேன். "ரெண்டு சைஸ் சின்னதும்மா" என்றான். எட்டு மாதமாக அந்தச் சப்பாத்தைத் தூக்கிச் சுமந்தவள் நான். அது அவன் காலுக்குச் சேருமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்று மாதம் கழித்து, தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை. இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறான். அரிசி ஆலைக்குப் போன பீடோங் பையனை மேற்பார்வையாளராக ஆக்கியிருக்கிறார்களாம். அக்காவின் மகன் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

போன வருட அன்னதானத்தில் அக்காவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூசணி வெட்டினோம். அவராகவே சொன்னார். "எனக்கு அப்பவே தெரியும் லா. ஒரு நாள் மழைக்காத்துல அந்தச் சப்பாத்து கவுந்து கிடந்துச்சு. அடி புத்தம்புதுசு. ராத்திரியில தம்பி தலகாணிக்குள்ள இருமுறதும் கேக்கும். நீயா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் வந்து கேட்டேன். நானா சொல்லிக் காட்டினா உனக்கு எப்படியிருக்கும்?" பத்துப் பேர் நடுவில் அவரைக் குத்திய எனக்கு, ஒருவருக்கும் தெரியாமல் அவர் வழிவிட்டிருக்கிறார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். பூசணியில் கண் எரியாது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மகனிடம் மட்டும் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்த விஷயத்தையும் சொல்லவில்லை. சொன்னால், அந்த எட்டு மாதம் யாருக்காக என்று கேட்பான்.

இப்போது விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் இருப்பது அவனே வாங்கிய சப்பாத்து. டயர்க் கரி அப்பி, குதிகால் ஒரு பக்கம் தேய்ந்துபோனது. அதை நான் உள்ளே எடுப்பதில்லை. நேற்று அவனுக்குச் சளி. கூடத்தில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது, முன்கதவு திறந்து கிடந்தது. அவன் எழுந்து சமையலறைக்கு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, துண்டை மடித்து வாயில் அழுத்திக்கொண்டு இருமினான்.

"சத்தமா இருமுப்பா. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"பழகிப்போச்சும்மா" என்றான், மெதுவாக.