இமை இறங்கிய நேரங்கள்

"புதன், பிற்பகல் 3.40. அக்காவின் இடது இமை இறங்கியது. ஓட்டை விழுந்த பீஸைப் பாஸ் செய்தார். டீ நேரத்துக்குப் பின் சரியாகிவிட்டார்." எண்பத்தொன்பதில் நான் எழுதிய நாற்பது பக்க நோட்டில் இப்போது முதலில் இருக்கும் குறிப்பு இது. இதற்கு முன்னால் ஒரு தாள் இருந்தது.

காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் பனியன் அனுப்பிய ஒரு கம்பெனியில் நானும் அக்காவும் செக்கிங் மேஜையில் எதிரெதிரே நின்றோம். உறவில்லை, சூப்பர்வைசர் என்பதால் எல்லோருக்கும் அவர் அக்கா. துணியை விளக்கடியில் ஒருமுறை விரித்தால் போதும், ஓட்டை அவர் விரலுக்குத் தானாக வந்து சேரும். நான் மூன்று முறை புரட்டுவேன். தேதி பிசகாமல் எழுதுவதைத் தவிர எனக்கென்று ஒரு திறமையும் இல்லை. அதனால் அந்த இமைகள் இறங்கத் தொடங்கியபோது எனக்குக் கவலை வரவில்லை. முதல் தாளில், "முதலாளியிடம் காட்ட: சூப்பர்வைசர் தூங்கும் நேரங்கள்" என்று எழுதினேன். அவருடைய வேலை எனக்கு வேண்டியிருந்தது.

மற்றவர்கள் கேலியோடு விட்டுவிட்டார்கள். "ஏனுங்க்கா, நேத்து ரெண்டாவது ஆட்டமுங்களா?" என்பார்கள். "அட போ கண்ணு, ரெப்பை தானா உழுகுது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பும் மாலையில் பாதியில் நின்றுபோனதை நான் குறித்துக்கொண்டேன்.

நோட்டை முதலாளியிடம் கொடுக்க நினைத்திருந்த அன்று, அக்கா குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கோவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம் என்று டாக்டர் கேட்டார். "இவளக் கேளுங்க டாக்டர், எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பா" என்றார் அக்கா. முதல் தாளைக் கிழிக்க எனக்கு நேரமில்லை. டாக்டர் நிதானமாகப் புரட்டினார்.

"காலைல நல்லா இருக்கு, போகப்போக மோசம், ஓய்வெடுத்தா சரியாகுது. இதுதான் எனக்கு வேணும். யாரும்மா எழுதினது?"

"என்ர தங்கச்சி மாதிரிங்க. எம்மேல அத்தனை பாசமுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நோட்டை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு கிடைத்த நூல்களிலெல்லாம் அதைத் தேடிப் படித்தேன். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து பின்னர் சுருங்குவது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் ஒருவகை அங்கேதான் பக்குவப்படுகிறது. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவற்றை அது கழித்துவிட வேண்டும், பெரும்பாலானவை தேறுவதில்லை. எங்கள் மேஜையைவிடக் கண்டிப்பான செக்கிங். அக்காவுக்கு அங்கே ஏதோ பிசகி, நரம்பின் கட்டளை தசைக்குச் சேராதபடி உடம்பே தடுத்துக்கொண்டிருந்தது.

சுரப்பியை அகற்றினார்கள். கம்பெனியே பழங்களோடு போய்ப் பார்த்தது. யாரும் கேள்விப்படாத நோயிலும் அவர்தான் முதல் என்று அந்தக் கட்டிலருகிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்து அவர் திரும்பியபோது நானே அந்த இடத்திலிருந்து விலகிக்கொண்டேன். முதல் நாளே, நான் பாஸ் செய்த பனியன் கட்டிலிருந்து ஓட்டை விழுந்த ஒரு பீஸை எடுத்து, யாருக்கும் தெரியாமல் என் பக்கம் நகர்த்தினார். அன்று மாலை நோட்டையும் தந்தார்: "டாக்டர் குடுத்தாருங் கண்ணு, பத்திரமா வெச்சுக்கோ."

முதல் தாள் இல்லை. எங்கள் மேஜையில் பிசிறு வெட்டும் கத்தரியால் நறுக்கியதுபோல் விளிம்பு நேராக இருக்கிறது. ஆனால் கத்தரி ஆஸ்பத்திரியிலும் உண்டு. அக்கா இப்போது அவிநாசிபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு முறை போய், பையிலிருந்து எடுக்காமலே திரும்பினேன். அந்தத் தாளைப் படித்துவிட்டும் என்னைத் தங்கை என்றே அழைத்து வந்தாரென்றால், அந்த மனதின் மேலும் எனக்குப் பொறாமைதான். தாளை எடுத்தது டாக்டரா, அக்காவா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.