இறந்ததாக எழுதப்பட்ட சிசிலியா

பெண் பிள்ளைக்கு எங்கள் சிசிலித் தீவின் பெயரையே வைத்தவள் எங்கள் ஊரில் நுன்சியா ஒருத்திதான். சிசிலியா. எங்கள் இத்தாலிய மொழியிலும் கோயில் லத்தீனிலும் அதே பெயர் என்பதால், சாமியார் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினார். மூன்று வயதில் குழந்தை காய்ச்சலில் போயிற்று. எங்கள் வழக்கப்படி அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயர். அவள்தான் என் பக்கத்து வீட்டு அக்கா.

நுன்சியா செய்த கூத்தைக் கேளுங்கள். இவளையும் சாவு தேடி வந்துவிடும் என்று பயந்து, அதை ஏமாற்ற, சாமியாரின் காலில் விழுந்து, இவள் பெயருக்கு எதிரிலும் இறந்தாள் என்று சிலுவை போட வைத்துவிட்டாள். பெற்றவள் செய்கிற காரியமா அது? கேட்டதும் சிலுவையைப் போட்டாரே அந்த மனிதர், அவரைச் சொல்ல வேண்டும்.

போரில் அவர்கள் வீட்டின் மேல் குண்டு விழுந்தது. மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேர் போனார்கள். நடுவில் இருந்த அக்காவின் தலையில் சுண்ணாம்புத் தூசி மட்டும். வெளியே போயிருந்த நுன்சியா, பார்த்தீர்களா என்று ஊரெல்லாம் சொன்னாள். பிறகு அக்கா தன் கல்யாணத்துக்குச் சான்று வாங்கப் போனபோது, செத்தவளுக்கு எப்படித் தருவது என்றார் புதுச் சாமியார். திருத்தித் தரவும் தயாராக இருந்தார். நுன்சியா கதறித் தடுத்தாள். அக்காவுக்கும் பயம். அவளைக் கட்டக் காத்திருந்த கலோஜெரோ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். சில வருடங்களில் நுன்சியாவும் போய்ச் சேர்ந்தாள்.

அக்காவுக்குத் தொண்ணூற்றாறு ஆயிற்று. கண் போயிற்று, கால் போயிற்று. மூன்று தடவை, சாகிறவர்களுக்கான கடைசி எண்ணெய்ப் பூசுதல் கொடுத்தார்கள். மூன்று தடவையும் மறுநாள் காலையில் காபி கேட்டாள்.

போன நவம்பரில், இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாளன்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா வந்தாடி. வாசல்ல நின்னு உள்ள பார்த்தா. யாருமில்லைன்னு போயிட்டா. வருஷா வருஷம் இதேதான். என்னால முடியல, போய் அந்தச் சிலுவையை அழிச்சுட்டு வா."

கண்ணில்லாதவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்காமலே கோயிலுக்குப் போனேன்.

இளம் சாமியார் முதலில் சிரித்தார். பதிவேட்டைப் பார்த்ததும் சிலுவையைக் கோடிட்டு அடித்து, உயிரோடிருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஓடிவந்து சொன்னேன். அக்கா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கட்டிலின் ஓரம் மெல்ல அழுந்தியது. அங்கே யாரும் உட்காரவில்லை.

"இப்பத் தெரியறேனாம்மா?" என்றாள்.

அவள் கண்களை நான்தான் மூடினேன்.