கஞ்சி போட்ட கோல்வலை

வலையில் ஓட்டை இருக்கிறது. வலைக்குள் பந்து கிடக்கிறது. அது முன்பக்கமாக வந்ததா, ஓட்டை வழியாகப் புகுந்ததா என்பதை நடுவர் பார்க்கவில்லை. அப்படியானால் அது கோலா, இல்லையா? ஒரு பங்குனி அமாவாசை மாலையில், திருச்சுழிக் கண்மாயின் காய்ந்த தரையில், இரண்டு ஊர் மக்கள் சூழ்ந்து நிற்க, இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. நான் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒரு கோப்பை மட்டுமல்ல, ஒரு போட்டியே நிலைக்கலாம் அல்லது நின்றுபோகலாம். அந்தப் பக்கம் போயிராத வாசகர்களுக்காக அந்த ஒரு நாள் பயணத்தை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காலை ஆறரை மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டைக்கு ஏறத்தாழ முப்பது மைல். கட்டணம் ஒரு ரூபாய் நாற்பது காசு. காரியாபட்டியைத் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கியது. பருத்தி எடுத்து முடிந்த வயல்களில் மார்கள் எனப்படும் காய்ந்த செடித்தண்டுகள் நின்றன. பச்சை என்று சொல்ல உடைமரங்களும் அங்கங்கே பனைகளும் மட்டுமே. இத்தகைய பூமியில் பந்து விளையாட மனம் எப்படி வருகிறது என்று எண்ணிக்கொண்டே போனேன். புல் இல்லாத இடத்தில் கால்பந்தைக் கற்பனை செய்ய எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எட்டேகால் மணிக்கு இறங்கியபோது கோவிந்தன் காத்திருந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அருப்புக்கோட்டை அணியின் கோல்கீப்பர். அவன் தெருவில் நுழைந்ததும் அங்கிருந்த அமைதி எனக்கு வியப்பாக இருந்தது. நூறு தறிகளின் சத்தத்தை எதிர்பார்த்து வந்தவன் நான். அமாவாசையன்று தறி ஓட்டுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆட்டத்தை அந்த நாளில் வைத்திருப்பதும் அதனால்தான். அவன் தாயார் உள்ளே மகனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, “கூச்சப்படாமச் சாப்பிடுங்க தம்பி. தோத்துட்டு வந்தா ராத்திரி இந்த வீட்ல யாரும் சாப்பிட மாட்டாக” என்றார்.

சாப்பிடும்போதே கோவிந்தன் போட்டியின் வரலாற்றைச் சொன்னான். அருப்புக்கோட்டையில் தெருவுக்கு ஓர் அணியாகச் சேர்ந்து மாதக்கணக்கில் லீக் ஆடுவார்கள். திருச்சுழியில் தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் கோப்பை நடக்கும்; அதில் வெளியூர் அணிகளும் சேரலாம். அறுபதுகளின் நடுவில் ஒருநாள், லீக் வென்ற அணியும் கோப்பை வென்ற அணியும் தற்செயலாக ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டன. ‘எல்லாரோடயும் ஆடி ஜெயிச்சது நாங்க’ என்றார்கள் இவர்கள். ‘ஒரு நாள் தோத்தாலும் போச்சுன்னு ஆடி ஜெயிச்சது நாங்க’ என்றார்கள் அவர்கள். இறங்க வேண்டிய ஊரைத் தாண்டியும் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில், இரு வெற்றியாளர்களும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை மோதுவது என்று முடிவாயிற்று. அதன் பெயர் ‘ஒத்த ஆட்டம்’. ஓர் ஆண்டு அருப்புக்கோட்டை அணி இரண்டையும் வென்றுவிட்டது. தன்னோடு தானே ஆட முடியாது. கோப்பையில் இரண்டாவதாக வந்த அணியை எதிரே நிறுத்தினார்கள்.

“அந்த வருசம் மாப்பிள்ளைத் தோழனையே மணவறையில ஒக்கார வச்சுட்டாகன்னு ஊரே சிரிச்சுச்சு” என்றான் கோவிந்தன்.

ஆனால் கடந்த இரண்டு ஆட்டங்களும் சிரிக்கும்படி முடியவில்லை. கம்பங்களுக்கு வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று சண்டை எழுந்தது. முந்தின ஆண்டு கம்பத்தையே பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். இனி ஒருமுறை கைகலப்பு நடந்தால் ஒத்த ஆட்டம் கிடையாது என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிச் சொல்லிவிட்டார்கள்.

“அதுக்குத்தான் நாங்களே வலை பின்னிட்டோம்” என்றான். முறுக்கிய பருத்தி நூலில், தெருவே சேர்ந்து பின்னிய வலை. முந்தின மாலையே திருச்சுழியில் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். “விறைப்பா நிக்கும் பாரு. நல்லாக் கஞ்சி போட்டுருக்கோம்.”

“கோல்வலைக்குக் கஞ்சியா?”

“கஞ்சி போடாத நூல எப்படிறா நம்புறது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே வளர்ந்த கைகளுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் திருச்சுழி பஸ். ஒன்பது மைல், நாற்பது காசு. டிக்கெட் கொடுத்த கண்டக்டர் கோவிந்தனைப் பார்த்ததும் பையை இறுக்கிக்கொண்டார். அவர்தான் திருச்சுழி அணித் தலைவர் திருமேனி.

“ஏலே கோவிந்தா, போக மட்டும் டிக்கெட் எடு. திரும்பி வர ஒனக்கு மொகம் இருக்காது.”

“திரும்பி வரப்போ நீதான் எனக்குச் சீட்டுப் பிடிச்சு வைக்கப் போற. இவுக மதுரையில இருந்து ஆட்டம் பாக்க வந்துருக்காக.”

“வாங்க சார். நல்லாப் பாருங்க. தறிக்காரவுக உக்காந்தே வேலை பாத்தவுக, ஓடுறது கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்” என்றார் திருமேனி. பஸ் முழுவதும் சிரித்தது, கோவிந்தனும் சிரித்தான்.

கண்மாய்க்குள் இறங்கியபோது மணி ஒன்று. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளில் குண்டாற்று மணலைக் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். கருவேலங் கம்பங்களில் வலை கட்டியிருந்த மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு கூட்டம். நடுவில் ஐந்தாறு வெள்ளாடுகள். கோடையில் மேயப் புல் இல்லாத ஆடுகளுக்குக் கஞ்சி வாசனை போதாதா? வலையின் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மென்று தள்ளியிருந்தன.

கோவிந்தன் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். பஸ்ஸை விட்டு எங்களோடு வந்திருந்த திருமேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மொதக் கோலு எங்க ஆடு போட்டுருச்சு சார், எழுதிக்கங்க!”

சணல் கயிற்றால் ஓட்டையைப் பிணைத்தார்கள். ஆயினும் நடுவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் விருதுநகர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சி ஆசிரியர். இரண்டு ஊருக்கும் பொதுவான ஆளாக என்னைத் தெரிந்தெடுத்து, அந்த வலைக்குப் பின்னால் நிற்கும்படி கேட்டுக்கொண்டார். மதுரைக்காரன், படித்தவன் என்ற மரியாதை. கோவிந்தனின் நண்பன் என்று தெரிந்தும் திருமேனி மறுக்கவில்லை. நானும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பூட்ஸ் அணிந்தவர் எவரும் இல்லை. வெறுங்காலால் அந்தச் சுட்ட தரையில் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, புல்லைத் தேடிய என் காலை நினைப்பு வெட்கத்தைத் தந்தது. இடைவேளைக்குள் அணிக்கு ஒரு கோல். பிற்பாதியில் கோவிந்தன் நான் நின்ற பக்கத்துக் கோலுக்கு வந்தான். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது, திருமேனி இடப்பக்கமாகப் புழுதி கிளம்ப ஓடிவந்து ஓங்கி உதைத்தார். கோவிந்தன் பாய்ந்து குப்புற விழுந்தான். புழுதி அடங்கியபோது சணல் கயிறு அவிழ்ந்து தொங்கியது. பந்து வலைக்குள் கிடந்தது.

“கோல்!” என்று ஒரு கரை கத்தியது. “ஓட்டை வழியாப் போச்சு!” என்று மறு கரை கத்தியது. இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் கண்மாய்க்குள் இறங்கத் தொடங்கினார்கள். கம்பத்தை நோக்கி ஒருவர் நடப்பதையும் கண்டேன். நடுவர் என்னிடம் ஓடிவந்தார்.

“நீங்க சொல்லுங்க சார். உள்ளயா, வெளியவா?”

எனக்குத் தெரியவில்லை. கண்ணில் புழுதி. ‘கோல் இல்லை’ என்று சொன்னால் ஆட்டம் சமநிலையில் முடிந்து இரு தரப்பும் அமைதியாகத் திரும்பக்கூடும்; ஒரு பொய், ஒரு போட்டியைக் காப்பாற்றும். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்பவனை நம்பி நடக்கும் ஆட்டம் எத்தனை நாள் நிற்கும்? “நான் பார்க்கவில்லை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன்.

அப்போது திருமேனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இவுகளப் போட்டு ஏன் கசக்குறீக? பந்து வெளியதான் போச்சு. கம்பத்துக்கு அந்தப் பக்கமாப் போயி ஓட்டையில பூந்துச்சு. அடிச்சவனுக்குத் தெரியாதா?”

திருச்சுழிக் கரை திகைத்து நின்றது. அதைவிடப் பெரிய திகைப்பைக் கோவிந்தன் தந்தான். தரையிலிருந்து எழுந்து, “அதெப்படி? ஓட்டை எங்க வலையில. ஒழுங்காக் கட்டியிருந்தா இந்தக் கேள்வியே வராது. கோலுன்னே வச்சுக்கிருங்க” என்றான்.

“ஏலே, ஒன் தர்மக் கோலு எனக்கு எதுக்கு? நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?”

“எங்க வலையால ஒனக்கு நட்டம்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாதுலே!”

“நட்டமே இல்லன்னு சொல்றேன். வெளிய அடிச்சது நான். ஒனக்கென்ன வலிக்குது?”

இருவரும் மார்போடு மார்பு முட்டி நின்றார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதற்கு முன்பும் எத்தனையோ சண்டைகள் உண்டு. எதிரிக்காக இப்படி வாதாடிய சண்டை அதுவே முதல். கம்பத்தின் அருகே போயிருந்தவர், “இதுல நான் யார அடிக்கணும்னு யாராச்சும் சொல்லுங்கப்பா” என்றார். சிரிப்பு ஒரு கரையில் தொடங்கி மறு கரைக்குத் தாவியது. இறங்கியவர்கள் ஏறிப் போனார்கள். நடுவர் கோல் இல்லை என்று ஊதினார்.

கடைசி நிமிடங்களில் அருப்புக்கோட்டை ஒரு கார்னர் கிக்கிலிருந்து தலையால் முட்டி வென்றது. திருமேனி தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் வேண்டாம் என்று சொன்ன ஒரு கோல் இருந்திருந்தால் அன்று அவர் தோற்றிருக்க மாட்டார். இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாருமில்லை. ஆயினும் திருச்சுழிக்காரர் ஒருவர்கூட அவரைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டவர்களைத்தான் கண்டேன்.

ஏழு மணி பஸ்ஸுக்கு அவரே கண்டக்டர். கோப்பையை மடியில் வைத்திருந்த கோவிந்தனின் முன் வந்து நின்றார்.

“கப்புக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்.”

“எங்க கப்புக்கா?”

“அடுத்த வருசம் திரும்பி வரணும்ல. அதுக்கும் சேத்துப் போட்டுருறேன்” என்று சொல்லி, உண்மையாகவே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கோப்பைக்குள் போட்டார்.

மதுரை மைதானங்களில் எனக்குப் புல்லும் வலையும் பழக்கம். தன் கோலைத் தானே மறுத்தவரை அங்கே நான் கண்டதில்லை. மழை பொய்த்த அந்தக் கரிசல் பூமியில் கண்டேன் என்பதை, தென்பாண்டி நாட்டான் என்ற முறையில் பெருமையோடு எழுதுகிறேன்.

அடுத்த ஆண்டு முதல் கோல்வலைக்குக் கஞ்சி போடுவதில்லை. கோலுக்குப் பின்னால் பொது ஆளும் நிற்பதில்லை. அந்தக் கோலை நோக்கிப் பந்தடிக்கும் அணியின் ஆள் ஒருவரே நிற்கிறார், ஐயம் எழுந்தால் அவர் சொல்வதே முடிவு. ஒத்த ஆட்டம் அதற்குப் பின் ஓர் ஆண்டும் நிற்கவில்லை.